பூஜ்யத்துக்குக் கேடயம்

எண்பத்தேழாம் வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்தே கால் மணிக்கு மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் ஒழிந்தது. மொரப்பூர் சாலையில் இருந்த பாலர் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தின் கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் கூடி, தலைக்கு இரண்டு மசால்வடை சாப்பிட்டு முடித்து, ஒருமனதாக அதை ஒழித்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளே நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நட்டு, 'தொண்டை அடைப்பான் நோயாளிகள்' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதி, கீழே தேங்காய் அளவுக்கு ஒரு பூஜ்யம் போட்டார்கள். தீர்மானத்தின் நகல் எல்லா சுகாதார நிலையங்களுக்கும் எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் போனது. கிருமிக்கும் ஒரு நகல் போடவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தெரியாத அந்தக் கிருமி ஆகஸ்ட் மாதத்தில், கடத்தூரில் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் அப்துல் சுபானின் வீட்டுக்குள் நுழைந்து, அவனுடைய ஐந்து வயது மகள் வஹிதாவின் தொண்டையில் குடியேறியது.

சுபானுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பம்ப் ஸ்டவ் தெரியும். பர்னரின் ஊசித் துளையில் கசடு அடைத்துக்கொண்டால் காற்று எப்படிச் சீறும், முக்கால்வாசி அடைத்தால் எப்படி விசிலடிக்கும், முழுக்க அடைக்கப்போகிற நேரத்தில் எப்படி விட்டு விட்டு இழுக்கும் என்பதெல்லாம் பதினைந்து வருஷமாக அவன் காதில் ஊறிப்போன சங்கதி. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு காலையில் வஹிதா படுத்திருந்த மூலையிலிருந்து அந்த விசில் வந்தது. ஸ்டவ்வாக இருந்தால் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் பின் ஒன்றை விட்டுக் குத்தி எடுத்துவிடுவான். பெற்ற மகளின் தொண்டையில் எதை விட்டுக் குத்துவது?

மனைவி ஹாஜிரா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் ஊரில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் ஓடினார்கள். அவர் டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பார்த்தார். பார்த்தவர் டார்ச்சை அணைத்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“பாய், என்னா சீக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க,” என்றார் தணிந்த குரலில். “போன மாசம் ஒரு புள்ளைக்குப் பேரைச் சொல்லிட்டேன். மாவட்டத்துல இல்லாத நோயை எங்கிருந்து கொண்டாந்தீங்கன்னு கேட்டு நோட்டீஸ் வந்திருச்சு. பாலர் நிலையத்துக்குப் போங்க. சீரம்னு ஒரு மருந்து, அங்கதான் இருக்கு. இன்னைக்கே போட்டாகணும். நாளைக்கின்னா போவ வேணாம்.”

“நாளைக்கின்னா ஏங்க வேணாம்?” என்று ஹாஜிரா கேட்டாள்.

டாக்டர் 'தொண்டையைப் பார்க்கவும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கீழே கையெழுத்துப் போடவில்லை.

பஸ்ஸில் போகும்போது சுபான் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே மகளின் மூச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். பஸ் மேடு ஏறும்போது இரைச்சலில் அது காணாமல் போய்விடும். அப்போதெல்லாம் குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தான். பத்து மணிக்கு நிலையத்தின் வாசலில் இறங்கினார்கள். மஞ்சள் பூஜ்யத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் இருந்த எழுத்தர் குழந்தையைப் பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“மூணு டோஸும் போட்டிருக்கே. அப்ப இந்தப் புள்ளைக்கு அது வராது பாய்.”

“எதுங்க?”

“அதுதான்.”

“வந்திருக்குங்களே. மூச்சு வுட முடியலீங்க.”

“வராதுங்கறேன். வரக்கூடாதுன்னுதானே போடறது? வந்திருச்சுன்னா நாங்க போட்டதுக்கு என்னா மரியாதை?”

சுபானுக்கு அந்த அட்டையின் கதை நினைவுக்கு வந்தது. வஹிதா கைக்குழந்தையாக இருந்தபோது சுகாதாரச் செவிலி ஜானகியம்மாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பஸ் வழியில் நின்று போய், வெயிலில் ஐஸ் எல்லாம் தண்ணீராகியிருந்தது. கெட்டுப்போன மருந்தைக் குழந்தைக்குப் போட அந்த அம்மாளுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மாசக் கடைசி, டார்கெட் முடியவில்லை என்று மேலே சொல்வதற்குத் தைரியமும் இல்லை. அதனால் குழந்தைக்குப் போடவேண்டிய மூன்று ஊசியையும் அட்டைக்குப் போட்டார். ‘அப்புறமா வந்து புள்ளைக்குப் போடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர், தெருவில் நூற்றுக்கு நூறு முடித்ததற்காகப் பாராட்டுப் பெற்று வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

“போடலீங்க. அட்டைலதாங்க எழுதினாங்க,” என்றான் சுபான்.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “அரசாங்க ஊழியர் பொய் எழுதினாங்கன்னு சொல்றீங்களா? தாராளமா எழுதிக் குடுங்க. விசாரணை வைப்போம். சாட்சிக்குப் புள்ளையும் வரணும். எப்ப வருதோ அப்ப வரணும்.”

சுபான் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். எழுத்தர் சீட்டின் மேல் 'முழுப் பாதுகாப்பு பெற்ற குழந்தை' என்று சிவப்பு மசியில் முத்திரை குத்திக் கொடுத்தார். முழுப் பாதுகாப்பு பெற்ற குழந்தை அம்மாவின் தோளில் விசிலடித்துக்கொண்டு உள்ளே போயிற்று.

வார்டில் ஒரு இளம் டாக்டரும் ரோசம்மாள் என்ற மூத்த நர்சும் இருந்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டியல் தொங்கியது. 'இந்நிலையத்தில் எழுத அனுமதிக்கப்பட்ட தொண்டை நோய்கள்' என்று தலைப்பு. சாதாரணத் தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து, ஐஸ் சாப்பிட்டதால் வந்த புண், கத்தியதால் வந்த புண் என்று வளர்ந்து, பதினொன்றாவதாக 'பெயரிட அவசியமில்லாத தொண்டைச் சங்கடம்' என்று முடிந்திருந்தது.

டாக்டர் கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்தார். டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று படர்ந்து, உள்நாக்குவரை இறங்கியிருந்தது. அவர் கரண்டியை எடுத்துவிட்டுத் திரும்பினார். “சிஸ்டர், இது டிப்—”

ரோசம்மாள் பலமாக இருமினார். “டாக்டர், பேரைச் சொன்னா மொத தடவை மெமோ. ரெண்டாவது தடவை தூக்கியடிப்பாங்க. நீங்க ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிட்டீங்க.”

டாக்டர் சுபானை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார். “பாய், நல்லாக் கேளுங்க. தொண்டைல இருக்கற அந்தத் தோல் வளர்ந்துட்டே போகும். மூச்சுக் குழாயை அடைக்கும். அது ஒண்ணு. அதோட விஷம் ரத்தத்துல கலந்து நெஞ்சைப் பிடிக்கும். அது இன்னொண்ணு. பென்சிலின் கிருமியைக் கொல்லும், கலந்த விஷத்தை ஒண்ணும் பண்ணாது. விஷத்துக்கு சீரம்தான். பொழுது சாயறதுக்குள்ள போட்டுடணும்.”

“போடுங்க சாமி.”

“போடலாம். ஸ்டோர்ல நாப்பது பாட்டில் இருக்கு. எழுதிக் கேட்டாத்தான் குடுப்பாங்க. எந்த நோய்க்குன்னு எழுதணும்.”

“எழுதுங்களேன்.”

டாக்டர் சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்தார். சுபானும் பார்த்தான். அவனுக்கு அதைப் படிக்கத் தெரிந்தது, ஆனால் புரியவில்லை.

ஸ்டோர் அறை வார்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்டோர்கீப்பர் கருப்பண்ணன் முப்பது வருஷ சர்வீஸ்காரர். அவருக்குப் பின்னால் சீரம் வைத்திருந்த குளிர்பெட்டி, போன வருஷ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கலையாமல் நின்றது. கண்ணாடிக் கதவு வழியாக நாற்பது பாட்டில்களும் தெரிந்தன. சுபான் அவற்றுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றான். கையை நீட்டினால் எட்டும். அந்த ஒரு முழம்தான் அன்று அவன் கடக்கவேண்டிய தூரம்.

“நோய்க்காகத்தான் சீரம்,” என்றார் கருப்பண்ணன். “அந்த நோய் மாவட்டத்துல இல்ல. இல்லாத நோய்க்கு மருந்து குடுத்தேன்னா ஆடிட்ல என்னைப் புடிச்சிக்குவான். பேரை எழுதினீங்கன்னா வாசல்ல இருக்கற பூஜ்யம் ஒண்ணாயிரும். அதுக்கு டைரக்டர் கையெழுத்து வேணும்.”

“அப்புறம் இந்த நாப்பது பாட்டில் என்னாத்துக்குங்க?”

“தயார் நிலைங்க அது,” என்றார் கருப்பண்ணன் பெருமையாக. “மேல இருந்து வந்து எண்ணிப் பாப்பாங்க. நாப்பதும் இருந்தா நாம தயாரா இருக்கறோம்னு அர்த்தம்.”

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் தீர்த்தகிரி அப்போது கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் விழா. நோயே இல்லாத மாவட்டத்துக்கு மெட்ராசிலிருந்து பெரிய மருத்துவர் ஒருவர் வந்து கேடயம் கொடுக்கப்போகிறார். இளம் டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் இயக்குநர் கோபப்படவில்லை. சுபானை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுதான் சுபானுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பாய், ஒரு நோயைக் கண்டுபிடிக்கறது பெரிய விஷயமே இல்ல,” என்று ஆரம்பித்தார் தீர்த்தகிரி. “தொண்டைக்குள்ள டார்ச் அடிக்கத் தெரிஞ்ச எவனும் கண்டுபிடிச்சிருவான். கண்டுபிடிக்காம இருக்கறதுக்குத்தான் கட்டுப்பாடு வேணும், ஒற்றுமை வேணும். அஞ்சு மாசமா முன்னூறு ஊழியர்கள் ஒரே மனசா நின்னு, ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்காம இருந்திருக்காங்க. முன்னால வருஷத்துக்கு இருபது முப்பது புள்ளைங்களுக்கு வந்துட்டிருந்தது. இன்னைக்கு அதே புள்ளைங்களுக்கு வெறும் தொண்டைச் சங்கடம். இது முன்னேற்றமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

“அந்தப் புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?” என்று சுபான் கேட்டான். அவன் எதையும் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“அந்தப் புள்ளிவிவரம் வேற பிரிவு,” என்றார் இயக்குநர்.

இளம் டாக்டர் குறுக்கிட்டார். “சார், சாயங்காலத்துக்குள்ள—”

“நான் மனுஷன் இல்லையா? வழி சொல்றேன். பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோங்க. அவங்களுக்குக் கேடயம் கெடையாது. தாராளமாப் பேர் சொல்லி வைத்தியம் பாப்பாங்க.”

“பஸ்ல ரெண்டரை மணி நேரம் சார். வழியிலேயே போயிரும்.”

தீர்த்தகிரி யோசித்தார். சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தை எழுந்து போய்ப் பார்த்தார். எல்லைக்கோட்டில் விரலை வைத்தார்.

“எந்த எடத்துல போகும்? இதைத் தாண்டினப்புறம்னா நமக்குச் சம்பந்தம் இல்ல.”

சுபான் எழுந்தான், உட்கார்ந்தான், பிறகு தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். இயக்குநர் அவனைத் தன் கையாலேயே தூக்கி நிறுத்தி, தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கண்கலங்கிச் சொல்லி, கைக்குட்டையால் தன் காலைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. வார்டு வாசலிலேயே ஹாஜிரா குழந்தையோடு நின்றிருந்தாள். “என்னங்க, சத்தம் மாறிப்போச்சுங்க,” என்றாள். சுபான் காது கொடுத்தான். விசில் நின்றுபோய், விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் வஹிதாவின் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. கண்கள் அப்பாவையே பார்த்தன. பேச முடியவில்லை. சுபானுக்கு ஸ்டோர் கதவை உடைத்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு மனிதன் திருடனாவதற்கு எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று அவனுக்கே அச்சமாகிவிட்டது. நேரே ஸ்டோருக்குப் போய்க் கருப்பண்ணனின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னாலேயே ரோசம்மாளும் வந்தார்.

“அண்ணே, சட்டம் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்,” என்றார் ரோசம்மாள். “இந்த அறையைவிட்டு ஒரு பாட்டில் வெளிய போவறதுக்கு நோயைத் தவிர வேற வழியே இல்லையா?”

யாரும் தன்னிடம் சட்டம் கேட்டு வெகுநாளாகியிருந்ததால் கருப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடி, விதிகளை மனசுக்குள் புரட்டினார்.

“ரெண்டே வழி. ஒண்ணு, நோய்க்குப் போவணும். இன்னொண்ணு, ஒடையணும். நோய் மாவட்டத்துல இல்லன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. ஒடையாதுன்னு யாரும் தீர்மானம் போடல.”

“அய்யோ, ஒடச்சா மருந்து தரைல போயிருமேங்க!” என்று சுபான் அலறினான்.

ரோசம்மாள் அவன் தோளைப் பிடித்தார். “பதறாதீங்க பாய். பதிவேட்டுலதான் ஒடையும். ஊசியை அட்டைக்குப் போட்டுட்டு புள்ளைக்குப் போடாம வுட்டாங்கன்னு உங்க வூட்டம்மா சொன்னாங்கல்ல? நாம பாட்டிலைப் பதிவேட்டுல ஒடச்சிட்டு புள்ளைக்குப் போட்டுருவோம்.”

“காரணம் வேணும்,” என்றார் கருப்பண்ணன் கறாராக. “சும்மா ஒடையாது. யாராவது ஒடைக்கணும். அந்த ஆளுக்கு இங்க வேலை இருந்திருக்கணும்.”

மூன்று பேரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். மூலையில் ஒரு பம்ப் ஸ்டவ் கிடந்தது. சிரிஞ்சுகளைக் கொதிக்க வைக்கிற ஸ்டவ். நாலு நாளாக எரியவில்லை. ரிப்பேருக்கு அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள், பதில் வரவில்லை. அந்த நாலு நாளும் வார்டில் யாருக்கும் ஊசி போடவில்லை என்பதைச் சுபான் அப்போதுதான் தெரிந்துகொண்டான். சீரம் கிடைத்திருந்தாலும் போட வழி இருந்திருக்காது.

அவன் குந்தினான். இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவன். அன்று அவசரத்தில் முதல் பின் துளைக்குள்ளேயே முறிந்துபோயிற்று. வார்டுப் பக்கமிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது. அடுத்த இழுப்பு வரும்வரை அவன் விரல்கள் அசையவில்லை. வந்ததும் வேலை செய்தான். நின்றதும் நின்றான். இப்படி இழுப்புக்கு இழுப்பு வேலை பார்த்து, முறிந்த பின்னைக் குறட்டால் பிடுங்கி, இரண்டாவது பின்னால் துளையைக் குத்தி, பம்ப் அடித்தான். நீலச் சுடர் எழும்பியது. ரோசம்மாள் சிரிஞ்சுப் பாத்திரத்தைத் தூக்கி வைத்தார்.

தண்ணீர் கொதிப்பதற்குள் கருப்பண்ணன் வாக்குமூலம் எழுதி முடித்தார். 'கடத்தூர் அப்துல் சுபான் ஆகிய நான், ஸ்டவ் ரிப்பேர் செய்ய வந்த இடத்தில் என் கவனக்குறைவால் கால் இடறி விழுந்து, ஆறு சீரம் பாட்டில்களை உடைத்துவிட்டேன். எனக்கு எந்த நோயாளியையும் தெரியாது.' சுபான் கையெழுத்துப் போட்டான். அந்தக் கடைசி வரி எதற்கு என்று கேட்கவில்லை. மகளை இல்லை என்று எழுதினால்தான் மகள் இருப்பாள் என்கிற அளவுக்கு அவனுக்கு அன்று சட்டம் புரிந்துவிட்டது.

சீரம் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, சிலர் உடம்பு அதை ஏற்காமல் உயிரே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அதனால் முதலில் கையில் ஒரு பொட்டு மட்டும் குத்தி அரைமணி பார்க்கவேண்டும். இழுத்துக்கொண்டிருந்த குழந்தைக்கு முன்னால் அந்த அரைமணியை நாலு பேரும் நின்றே கழித்தார்கள். ஹாஜிரா உதடு அசையாமல் ஓதிக்கொண்டிருந்தாள். தோல் தடிக்கவில்லை. நாலு மணிக்கு டாக்டர் ஆறு பாட்டிலையும் ஏற்றினார். கருப்பண்ணன் காலிப் பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய், சுத்தியலால் முறைப்படி உடைத்து, சில்லுகளைக் காகிதத்தில் மடித்துச் சீல் வைத்தார்.

இரண்டாம் நாள் இழுப்பு தளர்ந்தது. நாலாம் நாள் சாம்பல் தோல் ஓரத்திலிருந்து உரிந்தது. வஹிதா தண்ணி கேட்டாள். சுபான் வெளியே போய், பூஜ்யப் பலகைக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதான்.

“இன்னும் முடியல பாய்,” என்று ரோசம்மாள் எச்சரித்தார். “கலந்த விஷம் நெஞ்சுல வேலை பாக்கும். ஒரு மாசம் எந்திரிச்சு நடக்க வுடாதீங்க. சிரிச்சு வெளையாடிக்கிட்டு இருக்கற புள்ள, எந்திரிச்சு நாலு அடி வெச்சதும் பொட்டுனு போயிரும். நான் பாத்திருக்கறேன்.”

அதற்குள் உடைந்த ஆறு பாட்டில்களுக்காக விசாரணைக் குழு ஒன்று வந்தது. கண்ணாடிச் சில்லுகளை எடை போட்டார்கள். சுபான் இடறிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்தார்கள். எந்தக் கால் முதலில் இடறியது என்று கேட்டார்கள். இடது கால் என்றான். வலது கால் ஏன் தாங்கவில்லை என்று கேட்டார்கள். மாவட்டத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு ஒதுக்காத மூன்று மணி நேரத்தை, அவன் காலுக்கு ஒதுக்கினார்கள். கடைசியில், உடைப்பு வருந்தத்தக்கது, ஆனால் இயற்கையானது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் தீர்த்தகிரி வார்டைச் சுற்றிவந்தார். வஹிதாவின் படுக்கைக்கு எதிரே நின்று தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். மூன்று டோஸ். முத்திரை பிரமாதமாக இருந்தது.

“இந்தப் புள்ளையை மேடைக்குக் கொண்டாங்க,” என்றார். “தடுப்பூசி போட்ட குழந்தை எப்படி இருக்கும்னு ஜனங்க பாக்கட்டும். எல்லார் முன்னாலயும் ஒரு டம்ளர் பால் குடிக்கட்டும்.”

“சார், அவ நடக்கக் கூடாது. நெஞ்சு தாங்காது,” என்றார் ரோசம்மாள்.

“நெஞ்சுக்கு என்ன? என்ன நோய் அவளுக்கு?”

ரோசம்மாள் வாயைத் திறந்தார். பட்டியலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் நிலையத்தின் மைதானத்தில் பந்தல் போட்டு, ஒன்பது படி வைத்து மேடை கட்டியிருந்தார்கள். வண்டி வைத்து அழைத்துவந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “குழந்தை தானா நடந்து வரட்டும்,” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுபான் கேட்காதவன்போல வஹிதாவைத் தூக்கிக்கொண்டான். ஒன்பது படியும் ஏறி முடிக்கும்வரை அவனுடைய உள்ளங்கை அவள் முதுகில், நெஞ்சுத் துடிப்பின் மேலேயே இருந்தது. ஒரு துடிப்பு தப்பியதுபோல் பட்டபோதெல்லாம் நின்றான். கூச்ச சுபாவம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

மெட்ராசிலிருந்து வந்திருந்த பெரிய மருத்துவர் வெள்ளைத்தலைக்காரர். நாற்பது வருஷம் குழந்தை வைத்தியம் பார்த்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். அவரே டம்ளரை எடுத்து வஹிதாவின் வாயில் வைத்தார். அவள் ஆசையாக ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். பால் இரண்டு மூக்குத் துளை வழியாகவும் வெளியே வழிந்தது.

பந்தலில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

“உன் பேர் என்னம்மா?”

“வஹிதா,” என்றாள் அவள். குரல் மூக்கால் வந்தது.

அந்த விஷம் அண்ணத்தை முடக்கினால் குரல் இப்படித்தான் வரும், பால் இப்படித்தான் திரும்பும். நாற்பது வருஷம் பார்த்தவருக்கு அதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை. தோளில் போட்டிருந்த பொன்னாடையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஒலிபெருக்கிக்குக் கேட்காத குரலில் சுபானிடம் கேட்டார்.

“எத்தனை பாட்டில்?”

“ஆறுங்க. நாந்தான் ஒடச்சிட்டேன். கால் இடறிருச்சுங்க.”

“என்னைக்கு?”

“கொண்டாந்த அன்னைக்கே, சாயங்காலம்.”

“அன்னைக்கே ஒடச்சதாலதான் இருக்கா,” என்றார் பெரியவர். “இது ஒரு மாசத்துல சரியாயிரும். மெதுவா ஊட்டுங்க. படுக்கையை விட்டு எழுப்பாதீங்க.”

சுபானுக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசியில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. மேலிடத்து மனிதர். இதோ ஒலிபெருக்கி முன்னால் போகிறார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார், குளிர்பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

பெரியவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். “பால் கொஞ்சம் சூடு அதிகம். குழந்தை பயந்துவிட்டது,” என்று ஆரம்பித்தார். “இந்த மாவட்டத்தில் ஒரு நோயாளிகூட இல்லை என்பதை இன்று நான் கண்ணாரக் கண்டேன். அடுத்த ஆண்டு எல்லா மாவட்டமும் இந்த நிலையை எட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கேடயத்தை வழங்குகிறேன்.” கேடயத்தைக் கொடுக்கும்போது அவர் இயக்குநரின் முகத்தைப் பார்க்கவில்லை. சுபானையும் பார்க்கவில்லை.

தெரியாதவர்களிடம் பட்ட பயமெல்லாம் ஒன்றுமேயில்லை என்று சுபானுக்கு அப்போது புரிந்தது. தெரிந்தவரே இல்லை என்று சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கவில்லை. அவன் மேடையில் நின்றபடியே கீழே இருந்த பிள்ளைகளின் கழுத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கழுத்து தாடையோடு சேர்ந்து வீங்கியிருந்தது. தலை பின்னால் சாய்ந்து, மூச்சுக்கு வாய் திறந்திருந்தது.

சுபான் படியிறங்கி, வஹிதாவை ஹாஜிராவின் மடியில் படுக்கவைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் போய்க் குந்தினான்.

“எந்தூருங்கம்மா?”

“பென்னாகரம் பக்கங்க. செல்லிங்க எம் பேரு. வெழா முடிஞ்சதும் டாக்டருங்க பாப்பாங்கன்னாங்க. அதான் குந்தியிருக்கறேன்.”

“முடியற வரைக்கும் குந்தாதீங்க. புள்ளையைத் தூக்கிக்கிட்டு எம் பின்னாடி வாங்க. ஸ்டோர் ரூமு அந்தாண்ட இருக்குது.”

செல்லி எழுந்துவிட்டாள். “என்னா சீக்குங்க பாய் எம் புள்ளைக்கு?”

“சீக்குன்னு வாயெடுத்துச் சொல்லிப்புடாதீங்க,” என்றான் சுபான், சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே. “யாரு கேட்டாலும் ஸ்டவ் ரிப்பேருன்னு சொல்லுங்க.”